புகை அடங்கிய தணல்

அன்று முற்பகலில் அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: குழந்தை பெற்ற என் அண்ணி, துணிக்குள் சுருட்டிவைத்த அவர் மகள், இருவரையும் பார்க்கக் கலசப்பாக்கத்துப் பக்கமிருந்து மலையேறி வந்திருந்த அண்ணியின் சித்தி. வெளியே அடுப்படியில் அம்மா. கதவுக்கு வெளியே நான். அண்ணன் புளி உலுக்கப் போயிருந்தான்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். மாடு வர நேரமானால் பயம், வானம் இருட்டினால் பயம். குழந்தை பிறந்த பிறகு கேட்கவே வேண்டாம். மூச்சு வருகிறதா என்று பார்க்கக் கதவை ஒரு விரல் அகலம் திறப்பேன். உள்ளே படுத்தபடியே அண்ணி கண்டுபிடித்துவிடுவார். "இன்னா பாப்பா, மறுபடியும் எட்டிப் பாக்குற? உன் அண்ணன் மவள யாரும் தூக்கிகினு போய்ட மாட்டாங்க. கதவ சாத்து, குளுருது." நான் சாத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி திறப்பேன். மறுபடி ஒரு திட்டு வரும். அந்தத் திட்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி.

தை மாதத்தில் எங்கள் மலையில் குளிர் எலும்பில் இறங்கும். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அண்ணிக்குத் தாய் இல்லை. அதனாலேயே தலைப்பிரசவத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்ட அம்மா, ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாதென்று இரட்டிப்பாகச் செய்தாள். சன்னல் பலகையின் இடுக்கில் பழம்புடவையைத் திணித்தாள். கதவின் அடியில் கோணியை மடித்து வைத்தாள். வாசலில் கட்டையை எரித்து, தணலை இரும்புச் சட்டியில் அள்ளி உடனே உள்ளே கொண்டுபோக மாட்டாள். புகை முழுக்க அடங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். கையை மேலே வீசுவாள், குனிந்து முகர்ந்து பார்ப்பாள். குழந்தையின் கண் எரியக் கூடாதே! புகையும் இல்லை, நாற்றமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சட்டி அண்ணியின் பாய்க்குப் பக்கத்தில் போகும். அவ்வளவு பதனம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

முந்தின நாளிலிருந்தே அண்ணி தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீதளம் ஏறிவிட்டது என்று அம்மா இன்னொரு அள்ளு தணல் போட்டாள். வலி கூடியது. தணலும் கூடியது.

அன்று காலை வந்த சித்தி சிரித்த முகமாகத்தான் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பலாமரத்தடியில் வாந்தி எடுத்தார். முகம் கழுவி அங்கேயே உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. "பஸ்ஸு ஆட்டம் சம்பந்தி, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மறுபடி உள்ளே போனார். எனக்கு உறுத்தியது. பஸ் ஆட்டம் என்றால் இறங்கினவுடனே அல்லவா வந்திருக்க வேண்டும்? குளிர்தான் காரணம் என்றால், குளிரில் உட்கார்ந்தபோது எப்படித் தெளிந்தது? சூட்டில் இருந்தபோது எப்படி வந்தது?

அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டி, நல்ல சேதியே உன் வாய்ல வராதா? போய் தண்ணி எடுத்துகினு வா" என்றாள். குடத்தைத் தூக்கினேன். கால் கதவுப் பக்கம்தான் போனது. திறந்தேன். திட்டு வரவில்லை.

இன்னும் அகலமாகத் திறந்தேன். "அண்ணி" என்றேன். அப்போதும் வரவில்லை. சித்தி சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்குவதுபோல் கிடந்தார். குழந்தையை வாரிக்கொண்டு ஓடி, அம்மா கையில் திணித்தேன். "காத்து படும்டி பாவி!" என்று கத்தியவள், பிள்ளையின் தலை துவண்டதைப் பார்த்ததும் பலாமரத்தடிக்கு ஓடினாள். நான் திரும்பிப் போய் அண்ணியைப் பாயோடு இழுத்தேன். என் அலறல் கேட்டு வந்த பக்கத்து வீட்டார் சித்தியைத் தூக்கினார்கள். பலாமரத்தடிக் காற்றில் குழந்தை முதலில் சிணுங்கியது. பிறகு ஊரே கேட்கும்படி அழுதது. 

புளி ஏற்ற வந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். நர்ஸம்மாதான் புரியும்படி சொன்னார்: "பொகை போய்ட்டா வெசம் போய்ட்டதுன்னு நெனச்சிட்டீங்க. அந்த வெசத்துக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. சாத்துன ரூமுக்குள்ள கரி நெருப்பு ஆகவே ஆகாதுங்க." அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அண்ணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "அத்த, நீங்க எனக்கு செஞ்சதுல ஒரு கொறையும் இல்ல. காத்த மட்டும் வெளியவே நிக்க வச்சிட்டீங்க."

அதன்பிறகு எங்கள் ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அண்ணி போய்விடுவார். முதலில் பார்ப்பது பிள்ளையை அல்ல, சன்னலை. அடைத்த துணியைத் தானே உருவிப் போடுவார். கம்பளி கொடுங்கள், பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்து மூடுங்கள், நெருப்பு வாசலோடு நிற்கட்டும் என்பார். கிழவிகள் முணுமுணுத்தார்கள். அம்மாவே கூடப் போய் நின்றதும் அடங்கிவிட்டார்கள். சிலிண்டர் வந்தபோது அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தார்: "கேஸ் நாத்தம் வந்தா சுச்ச தொடாத, நெருப்பு கிழிக்காத. ரெகுலேட்டர மூடு, கதவ தெற, வெளிய போய்ட்டு அப்பால பேசு. இதாவது நாறிக் காட்டிக்குடுக்குது. அது காட்டிக்குடுக்காது."

அந்தக் குழந்தைக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. திருப்பத்தூரில் வாடகை வீடு. நானும் அண்ணியும் பார்க்கப் போனோம். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர், அதுவும் உள்ளே எரியும் நெருப்புதான். மேலே இருந்த ஒரே ஓட்டையையும் கொசுவுக்குப் பயந்து அட்டையால் அடைத்திருந்தார்கள். அண்ணி வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். "முன்ன இருந்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் அவர். "அவங்க நல்ல நேரம், எழுந்து வந்துட்டாங்க. எம் பொண்ணு நேரத்த நான் சோதிச்சுப் பாக்க முடியுங்களா?" என்றார் அண்ணி.  மறுநாளே சொந்தக்காரர் ஆளை வரவழைத்து, கீசரைப் பின்பக்க வெளிச்சுவரில் மாட்டி, மேலே தகரம் சாய்த்து, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே விடச் சொன்னார். அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தார்கள்.

வேலை முடிந்த அன்று அண்ணன் மகள் குளிக்கப் போனாள். அண்ணி நிம்மதியாக முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன்.

"இருக்கேன் அத்த! தலைக்கு ஊத்திகினு இருக்கேன். நீ கூப்டுகினே இரு, நான் சொல்லிகினே இருக்கேன்."