கோரை நிக்கிற மட்டும்

பூமயிலுக்குப் பங்கு பிரித்த அன்று ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கண்மாய்க் கரையில் நின்றார்கள். அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. புருஷனின் அண்ணன் தங்கப்பாண்டி நாலு ஏக்கர் நஞ்சையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கரைக்குக் கீழே தண்ணீர் கசிந்து கோரை மண்டிக் கிடந்த இருபது சென்ட் சகதியைக் கைநீட்டிக் காட்டினார்.

"கோரை நிக்கிற மட்டும் ஒம் பங்கு பூமயிலு. எல்லாரும் கேட்டுக்கங்கப்பா."

பட்டா அவர் பெயரில் இருந்தது. வாய்ச்சொல்லே போதும் என்று பெரிய மனுஷர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கென்ன, ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்று ராத்திரிச் சோறு கொண்டுவந்து கொடுத்தது தங்கப்பாண்டியின் பெண்டாட்டி முருகலட்சுமி மட்டும்தான். அந்த வீட்டிலிருந்து வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாடு இறங்கினால் புதைந்துபோகும் அந்தச் சகதியில் பூமயில் இடுப்பளவு இறங்கினாள். காட்டுக்கோரையைக் கிழங்கோடு தோண்டி எறிந்தாள். பிறந்த ஊரிலிருந்து பாய்க்கோரைக் கிழங்கைச் சாக்கில் சுமந்துவந்து, முளையோடு துண்டு துண்டாக வெட்டி, சாணுக்கு ஒன்றாக ஊன்றினாள். முதல் அறுப்புக்குப் பத்து மாதம் காத்திருந்தாள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுப்பு. பூ பழுப்பதற்குள் அறுக்கவேண்டும், பச்சையாகவே கிழிக்கவேண்டும், மூன்று நாள் வெயிலில் காயப்போடவேண்டும். ஒரு தூறல் பட்டாலும் தாள் கறுத்துவிடும். நாலு வருஷத்தில் திருநெல்வேலிப் பக்கத்துப் பாய்க்காரர்கள் அவளுக்குப் போன் போட்டு வேன் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

தங்கப்பாண்டியால் பொறுக்க முடியவில்லை. பிச்சை போட்ட இடம் பிழைத்துவிட்டால் போட்டவனுக்கு வயிறு எரியும் போலிருக்கிறது.

ஆவணியில், அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜேசிபி வந்தது. பூமயில் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஆளுயரக் கோரை முழுக்க மண்ணோடு புரண்டு கிடந்தது.

"மச்சான், பத்து நா பொறுத்திருக்கக் கூடாதா! அறுத்துக்கிருவேனே!" என்று கத்தினாள்.

"கோரை நிக்கிற மட்டும்னுதான சொன்னேன்? இப்ப எங்கன நிக்கிது, காட்டு" என்றார் தங்கப்பாண்டி. சிரித்தார் பாவி.

அதோடு விடவில்லை. கோரை மட்கி மட்கிக் கறுத்திருந்த அந்த மண்ணைப் பார்த்து அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இந்தப் பக்கத்தில் கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை உரமாக அள்ளி வயலில் போடுவது வழக்கம். அதே மாதிரி அவள் மண்ணை டிராக்டர் டிராக்டராக அள்ளித் தன் நாலு ஏக்கரிலும் பரப்பி, உழுது, நெல்லை விதைத்தார். "கோரையத்தான் தூளாக்கியாச்சே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். தூளான ஒவ்வொரு கிழங்கும் ஒரு விதை என்று அவருக்குத் தெரியவில்லை. பூமயிலுக்குத் தெரியும். டிராக்டர் போகிற வழியில் நின்று பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி மழையில் நெல்லோடு கோரையும் எழுந்தது. பிடுங்கத் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான். தங்கப்பாண்டி தான் வராமல் பெண்டாட்டியை அனுப்பினார்.

"நீ வந்து பிடுங்கிக் குடு தாயி. இந்த வெள்ளாமை போனா எங்களுக்குக் கஞ்சி கெடையாது" என்று அழுதாள் முருகலட்சுமி.

"வாரேங்க்கா" என்றாள் பூமயில்.

மூன்று நாள் பிடுங்கினாள். கூட வந்த பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்: இப்படிப் பிடி, இங்கன ஒடி. எல்லாம் கிழங்குக்கு மேலே ஒடிந்தது. வயல் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டது. தங்கப்பாண்டி திருப்தியாக யூரியா போட்டார். ஒரு வாரத்தில், ஒடித்த இடத்திலெல்லாம் கோரை ரெண்டு ரெண்டாக வந்தது. நெல் அதன் நடுவில் மூச்சுத் திணறிச் செத்தது.

அவர் அவள் வாசலுக்கு வந்து நின்று கெட்ட வார்த்தையில் திட்டினார். பூமயில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"கோரை நிக்கிற மட்டும் எம் பங்குன்னு சொன்னது நீங்கதான மச்சான். போய்ப் பாருங்க, எம்புட்டு நிக்கிதுன்னு."

இதைச் சொல்வதற்காகத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள். சொன்னதும் இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. ஆனால் நிலம் ஒரு சென்ட்கூட அவளுக்குத் திரும்பவில்லை. பட்டா அவர் பெயரில்தானே இருந்தது.

தை பிறந்ததும் கண்மாய் மராமத்தில் நூறு நாள் வேலை நடந்தது. மண் சுமக்கிற வரிசையில் பூமயிலுக்கு முன்னால் முருகலட்சுமி நின்றாள். வெளிவேலைக்கு வந்து பழகாதவள். தலையில் சட்டி நிற்காமல் ஆடியது. கன்னத்தில் புருஷனின் கைவிரல் நீலமாகப் பதிந்திருந்தது. பயிர் போன கோபத்தை அந்த ஆள் வேறு எங்கே காட்டுவார்.

முருகலட்சுமி சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா பூமயிலு, மூணு நாளா பிடுங்கினியே... கெழங்க விட்டுட்டமோ?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் சந்தேகம்கூட வரவில்லை.

"தெரியலக்கா" என்றாள் பூமயில். சட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டாள்.