பேச்சு வராத பிள்ளையும் எங்கள் டீச்சரும்

டாக்டரம்மா சின்ன டார்ச்சை அடித்து அந்தப் பெண் குழந்தையின் வாய்க்குள் பார்த்தார். நாக்கு ஒழுங்காக இருந்தது, பல் வரிசையாக இருந்தது, தொண்டையில் புண் ஒன்றும் இல்லை. பின்னால் நின்று கையைத் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பிப் பார்த்தது. "உன் பேர் என்னம்மா?" என்றார். பதில் இல்லை. பந்தைக் காட்டினார், வாழைப்பழத்தைக் காட்டினார், "இது என்ன?" என்று கேட்டார். பிள்ளை வாயை மூடிக்கொண்டு டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தது. போன தடவை வந்தபோதும் இப்படித்தான். "வயசுக்கேத்த பேச்சு வரலை டீச்சர். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா காஞ்சிபுரத்துல ஸ்பெஷல் சென்டருக்கு எழுதிடலாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது எங்கள் டீச்சரின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அந்த அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவள். சமைப்பது, பெருக்குவது, மூக்கு துடைத்துவிடுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உலாத்துவது எல்லாம் என் வேலை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர்ப் பக்கம் ஊருக்குள் எங்கள் மையத்தை இன்னும் பால்வாடி என்றும் என்னை ஆயா என்றும்தான் சொல்வார்கள். டீச்சர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். தென்காசிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர். வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வந்த புதிதில் டீச்சர் பேசுவது எங்களுக்கெல்லாம் பெரிய வேடிக்கை. "பிள்ளேள்லாம் இங்கன வாங்க" என்று அவர் கூப்பிட்டால் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அம்மாக்கள் சிரித்துவிடுவார்கள். நானும் அவரைப் போலவே பேசிக்காட்டி அவரையே சிரிக்க வைப்பேன். அவருக்கு ரோஷம் உண்டு, ஆனால் அதை மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

கம்பெனிகள் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் வயலெல்லாம் லைன் வீடுகளாகிவிட்டன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், கடைசியில் பொதுக் குழாய். அந்த அறைகளில் வெளி மாநிலத்துக் குடும்பங்கள். எங்கள் ஜனங்களுக்கு அவர்கள் எல்லோரும் ஒரே பெயர்தான்: இந்திக்காரங்க. அவர்களுடைய பிள்ளைகளையும் மையத்துக்குக் கூட்டிவந்தவர் டீச்சர். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கையாலும் கண்ணாலும் பேசி, ஒவ்வொன்றாகக் கூட்டிவந்தார். ஊர் அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். "நம்ம பசங்களுக்கு வர்ற முட்டைய அவங்களுக்கும் பங்கு போட்டா இன்னா கதி?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். அவங்க பேருக்கும் முட்டை வருது, நீ உன் வேலையப் பாரு என்று நான் சொல்லிவிட்டேன். என் வாய்க்கு ஊரில் கொஞ்சம் பயம் உண்டு.

அப்படி வந்த பிள்ளைகளில் ஒருத்திதான் இந்தப் பெண். ஐந்து வயது இருக்கும். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள், அவனைத் தன் பக்கத்திலேயே உட்காரவைப்பாள், அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தன் தட்டைத் தொடுவாள். வாய் மட்டும் திறக்காது. பீகார்ப் பிள்ளை ஒன்று இருந்தது, நல்ல சிவப்பு. அது தமிழில் பதில் சொல்லாவிட்டால், "பாவம், அதுக்கு பாஷை தெரியாது" என்பார்கள். இவள் எங்கள் பிள்ளைகளின் நிறம், எங்கள் பிள்ளைகளின் சுருட்டை முடி. அதனால் இவள் பேசாவிட்டால் யாருக்கும் பாஷை ஞாபகம் வராது. "ஊமை போலக் கீது", "கொஞ்சம் மந்தம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். தோலின் நிறத்தை வைத்து ஒரு குழந்தையின் மூளையை அளக்கிற வித்தையை நாம் எங்கே கற்றுக்கொண்டோமோ தெரியவில்லை.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. பிள்ளையின் அப்பாவிடம் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். அவர், "இந்தி, இந்தி" என்றார். உடனே டீச்சர் செல்போனைப் பார்த்து இந்திப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்தார். தென்காசி ராகத்தில் அந்த இந்தியைக் கேட்க வேண்டுமே! பீகார்ப் பிள்ளை குதித்துக் குதித்து ஆடியது. இந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அதோடு ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தமிழிலும் பேசவில்லை, அவங்க பாஷையிலும் பேசவில்லை, அப்புறம் வேறு என்ன? நல்லதை நினைத்து டீச்சர் கற்ற பாட்டே அந்தப் பிள்ளைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் டீச்சர் சாப்பிடவே இல்லை.

டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நாளில் இன்னொரு சேதி வந்தது. அந்த அப்பா பெண்ணை மட்டும் ஊருக்கு அனுப்பப்போகிறாராம். ஜார்க்கண்டில் ஏதோ மலைப்பக்கம் அவருடைய அண்ணன் வீடு. பையன் இங்கேயே இருந்து படிப்பான். குறையுள்ள பெண்ணைக் காஞ்சிபுரத்துக்கும் இங்கேயும் அலைக்கழிக்க, கம்பெனி வேலைக்குப் போகிற தனக்கும் மனைவிக்கும் ஷிப்ட் இடம் கொடுக்காது, அங்கே இருந்தால் மாடாவது பார்த்துக்கொள்வாள் என்று அவர் கணக்கு. டீச்சர் இதைக் கேட்டதும் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அக்கா, நீங்களும் வாங்க. அந்தப் பிள்ளய விட்டா பெறவு பிடிக்க முடியாது" என்றார்.

லைன் வீட்டுக்கு நாங்கள் போனது சாயங்காலம். சந்துக்குள் திரும்பும்போதே ஒரு குரல் கேட்டது. கணீரென்று, மூச்சு விடாமல், யாரையோ திட்டுகிற குரல். குழாயடியில் தம்பியின் தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே அந்தப் பெண்தான் அவனை விளாசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பேச்சு அப்படியே நின்றது. டீச்சர் என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். "பேசுதா அக்கா! கேட்டேளா? என்ன போடு போடுதா!" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவள் பேசியது இந்தி இல்லை. அது எனக்கே தெரிந்தது. அப்பா அறைக்குள்ளிருந்து வந்தார். டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் கம்பெனியில் பழகிய தமிழில் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் பாஷை சந்தாலி, ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடி ஜனங்கள் பேசுவது. முன்னால் இருந்த இடத்தில் வடக்கிலிருந்து வந்த மற்றவர்களே அதைக் காட்டுப் பேச்சு என்று கிண்டல் செய்வார்களாம், கம்பெனியில் வரிசையில் நிற்கும்போது அதேபோலச் சத்தம் போட்டுக் காட்டுவார்களாம். அதனால் வெளியே யார் கேட்டாலும் இந்தி என்பார். "பையன் சின்னது. அவன் ஏதும் பேசும், பரவால்ல. பொண்ணு பேசினா எல்லாம் சிரிக்கும் டீச்சர். நான்தான் சொன்னது, வெளிய நம்ம பாஷை பேசாத, வாய் மூடு." பிள்ளை அப்பா சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறது. தன் பாஷையைப் பேசக்கூடாது, எங்கள் பாஷை தெரியாது. பிறகு அது எதைத்தான் பேசும்?

நான் அவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வாயெடுத்தேன். டீச்சர் என்னைப் பேசவிடவில்லை. அந்த அப்பாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். "நானும் இங்க வந்த புதுசுல கடைக்குப் போனா வெரலக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். வாயத் தொறந்தா சிரிப்பாவ. இந்த அக்காவே சிரிப்பாவ" என்றார்.

"சிரிச்சேன்தான். இன்னா இப்போ? இன்னிக்கும்தான் சிரிக்கிறேன்" என்றேன். அந்த மனுஷன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. "நான் சொல்லி அவ பேச மாட்டா. பேசாதன்னு சொன்னது நீங்க. பேசுன்னும் நீங்கதான் சொல்லணும். டாக்டர் வார அன்னைக்கு வாங்க. எல்லாரும் இருக்கும்போது, உங்க பாஷையில சொல்லுங்க." அந்த மனுஷன் ஷிப்ட் என்றார், லீவு கிடைக்காது என்றார், பிறகு தரையைப் பார்த்தார். வருகிறேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

மருத்துவக் குழு வந்த அன்று காலையிலேயே மையம் நிறைந்துவிட்டது. எடை போடுகிற நாள் என்பதால் ஊர் அம்மாக்கள் எல்லோரும் இருந்தார்கள். டாக்டரம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். பெயர் கேட்டார். மௌனம். டீச்சர் லைன் வீட்டில் கேட்டதைச் சொன்னார். டாக்டரம்மா நல்லவர்தான், காது கொடுத்துக் கேட்டார். "நான் பார்க்கணும் இல்ல டீச்சர்? இன்னும் நாலு சென்டருக்குப் போகணும்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் வாசலைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் அம்மா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் மனதுக்குள் அந்த மனுஷனைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பெரிய ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரவு ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு அவர் வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கனமான ஷூவைக் குனிந்து கழற்றினார். உள்ளே இத்தனை பெண்கள் இருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது சிரித்துவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், அதோடு அந்தப் பெண்ணின் கதையும் முடிந்தது. நான் அம்மாக்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன்.

அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். பிள்ளை நம்பாமல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி உரக்கச் சொன்னார். அந்தப் பாஷை அந்த அறைக்குள் இத்தனை உரக்கக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிள்ளை அப்பாவைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, பிறகு பேச ஆரம்பித்தது.

ஆரம்பித்ததுதான் தெரியும். கையை நீட்டுகிறாள், மூலையைக் காட்டுகிறாள், என்னைக் காட்டுகிறாள், இடுப்பில் கை வைக்கிறாள், மறுபடி மூலையைக் காட்டுகிறாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சொல்றா?" என்று கேட்டார். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "குறை சொல்லுது மேடம். இங்க மூணு சக்கர சைக்கிள் இருக்கு, பையனுக்கு மட்டும் தருது, பொண்ணு கேட்டா சமையல் சொப்பு தருது. தினமும் சொப்பு. எனக்கும் ஓட்டத் தெரியும் சொல்லுது." பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினார். "ஆயாம்மா கத்தினா காது வலிக்குதாம்."

அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு என்று பிள்ளைக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் தலை குனியவில்லை. டீச்சர் மட்டும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சைக்கிள் மேல் வழக்கம்போல ஒரு பையன். இத்தனை மாதமாக எந்தப் பிள்ளைக்காக டீச்சர் ஊரோடு மல்லுக்கு நின்றாரோ, அதே பிள்ளை முதன்முதலாக வாயைத் திறந்து அவரைத்தான் கேள்வி கேட்டது. வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். டீச்சர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "அவ சொல்லுதது நெசந்தான். பொட்டப்பிள்ளைக்குச் சொப்பு, பயலுவளுக்கு வண்டின்னு நானே பிரிச்சு வச்சிருக்கேன். எனக்கே தோணல பாருங்க." போய் அந்தப் பையனை இறக்கிச் சொப்புச் சாமானுக்கு முன்னால் உட்காரவைத்தார். அவன் பாட்டுக்குச் சந்தோஷமாகச் சாம்பார் வைக்க ஆரம்பித்துவிட்டான். அந்தப் பெண் டாக்டரம்மாவின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் ஓட்டினாள்.

காஞ்சிபுரத்துக்கு எழுதும் பேச்சு அதோடு நின்றது, ஊருக்கு அனுப்பும் பேச்சும் நின்றது. அடுத்த தடவை வந்தபோது டாக்டரம்மா புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "வீட்ல என்ன பாஷை பேசுவாங்க?" என்று எங்களிடம் கேட்டார். டீச்சர் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று இந்தக் கதையைத் தன் தப்பையும் சேர்த்து முழுசாகச் சொன்னாராம். எங்கள் மையத்தில் எண்கள் ஒன்று, இரண்டு என்றும் சொல்லப்பட்டன, சந்தாலியில் மித், பார், பே, போன் என்றும் சொல்லப்பட்டன. ஊர்ப் பிள்ளைகள் கண்ணாமூச்சிக்கு இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் பதவி உயர்வு கிடைத்து வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அவரோடு வேலை பார்த்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமல்ல, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். பெண் வளர்ந்துவிட்டாள், அரசுப் பள்ளி யூனிபார்மில் இருந்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று அவள் அம்மாவை உரசுகிற மாதிரி வந்து நின்றது. "இன்னாண்ணா, ஆளு நிக்கிறது கண்ணு தெரியல? மேல ஏத்திக்கினு வர்ற?" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு விடு விட்டாள். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தான். உடனே அவள் பின்னால் திரும்பி, காய்கறிப் பையோடு வந்த அப்பாவிடம் தங்கள் பாஷையில் உரக்க என்னவோ கேட்டாள். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பி அவர்களைப் பார்த்தார்கள். அப்பாவும் அவர்களைப் பார்த்தார். பிறகு மகளுக்கு, அதே பாஷையில், அவளைவிட உரக்கப் பதில் சொன்னார்.