அம்மா தூங்கினால் எழுப்பக் கூடாது

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர். இரவெல்லாம் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. சிறுவயதில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டது அவளுக்கு ஆறாத குறை. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், ஊர் என்ன சொன்னால் என்ன என்று மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பு முடிந்தால் வேலை, வேலை முடிந்தால் அடுப்பு. மிச்சம் மீதி நேரத்தில்தான் தூக்கம்.

அதனால் அந்த வீட்டில் இருந்தது ஒரே சட்டம். அம்மா தூங்கினால் எழுப்பக் கூடாது. குக்கர் விசில் அடிக்காது. குழாய் நூலாகத்தான் ஒழுகும். புருஷன் பஸ் டிரைவர், ஊரையே ஹாரன் அடித்து விரட்டுகிறவன். வீட்டில் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவான்.

ஒருவழியாகப் பாஸானாள். சான்றிதழ் விழா ஞாயிறு காலை. முந்தின இரவுக்கு லீவு கேட்டதற்கு மேஸ்திரி உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"வேலைய முடிச்சிட்டு நேரா வந்திடறேன்," என்றாள் புருஷனிடம். "பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்திடுங்க. எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் கை தட்டினதே இல்ல. ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

படித்தவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள் என்பதால் அவரவர் வீட்டாரோடே உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடுவதாக இல்லை. அவர் கல்வியின் பெருமைக்கு வந்து சேர்வதற்குள் இஸ்திரியக்கா மகளின் தோளில் சாய்ந்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் அவளோடு படித்த தையல்காரர். தட்டி எழுப்பக் கை நீட்டினார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க மாமா. இப்பதான் கண்ணசந்தாங்க."

புருஷனும் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடை நடந்து மேடையேறிச் சான்றிதழை வாங்கி வந்தான். உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

நாற்காலிகளை மடிக்கும் சத்தத்தில் அவள் விழித்தாள். மடியில் சான்றிதழ் கிடந்தது.

"ஏண்டி எழுப்பல?"

"நீ தூங்கிட்டிருந்தேம்மா," என்ற மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இஸ்திரியக்காவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் கண் விழித்துப் படித்து, விழித்திருக்க வேண்டிய ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டோமே என்று அழுதாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

"எல்லாரும் கை தட்டினாங்கம்மா," என்றான் மகன்.

"பொய் சொல்லாதடா. தட்டியிருந்தா முழிச்சிருக்க மாட்டேனா?"

"டீச்சர் மைக்ல உஷ்னு சொன்னாங்க. அதனால இப்படித் தட்டினாங்க." இரண்டு கைகளையும் வேகமாகக் கொண்டுவந்து, ஒட்டுவதற்கு ஒரு விரல்கடை இருக்கையில் நிறுத்தினான். திரும்பத் திரும்பச் செய்து காட்டினான்.

"மொத்த ஹாலுமா?"

"மொத்த ஹாலும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. இப்ப சத்தமாத் தட்டுங்க."

மூவரும் தட்டினார்கள். நாற்காலி மடிப்பவர் திரும்பிப் பார்த்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று மகன் கையைப் பாதியில் நிறுத்தினான்.

"முழிச்சுத்தாண்டா இருக்கேன்," என்றாள். "தட்டு."