கொச்சிக்கடையில் என் சொந்த மதம்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசையில் மெழுகுதிரியோடு நிற்கிறேன். பிறப்பால் சைவன். ஆனால் எல்லா மதங்களையும் ஒப்பிட்டுப் படித்து, பிடித்ததை மட்டும் பொறுக்கியெடுத்து, எனக்கென்று ஒரு மதம் வைத்திருக்கிறேன். அதன் ஒரே கட்டளை, கடவுளிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது.

தங்கச்சி வரும் ரங்கூன் கப்பல் நேற்றே வந்திருக்கவேண்டும். அவளைக் கூட்டிப்போக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறேன். இந்த உலக யுத்த காலத்தில் கப்பல் பிந்தினால் என்ன அர்த்தம் என்று துறைமுகத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

பின்னால் நிற்பவர் தோளைத் தொடுகிறார். காலையில் துறைமுக வாசலில் என் மதத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரி.

"தம்பி, ஒண்டும் கேக்கப்படாதுண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம் நானா. சும்மா பார்க்க வந்தனான்."

அவர் மெழுகுதிரியைப் பார்க்கிறார். சிரிக்கவில்லை.

"எங்கட ராத்தாவும் அந்தக் கப்பல்லதான் வாறா. அவவுக்கும் சேத்துச் சும்மா பாருங்க."

தலையாட்டுகிறேன். அந்நேரம் துறைமுகப் பக்கம் கப்பல் சங்கு ஊதுகிறது. "ரங்கூன் கப்பல்!" என்று தெருவில் யாரோ கத்த, நானா ஓடுகிறார்.

கேட்காமலே கிடைத்துவிட்டது. என் மதம் வென்றுவிட்டது. ஆனால் கப்பல் இன்னும் கரை சேரவில்லையே! முன்னால் நிற்பவர்களை இடித்துக்கொண்டு போய் மெழுகுதிரியை ஏற்றி, இரண்டு பேருக்காகவும் கேட்கிறேன். நானாவின் அக்கா பெயரை விசாரிக்க மறந்துபோனேன். அந்தோனியாருக்குத் தெரியாமலா இருக்கும்?