பன்னிரண்டு பதினேழுக்குப் போன போன்

இது நடந்தது. நான் குடிப்பதில்லை. அன்றைக்குத் தூக்கக் கலக்கமும் இல்லை. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. யாரும் மந்திரவாதி விலாசம் அனுப்பவும் வேண்டாம். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும். பேயைச் சொல்வதைவிட அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

நானும் நெட்டையனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆறடி மூன்று அங்குலம், அதனால் அந்தப் பெயர். ஒரு பெரிய மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. ஒன்பது வருடம் நாயாக உழைத்தது நான். டீம் லீடர் பதவி கிடைத்தது அவனுக்கு. வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அவரு எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவாரே" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன்பிறகு அவன் தும்மினால்கூட எனக்கு எரியும்.

எங்களிடம் ஐந்து பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பில்லாத இருபது முப்பது கணினிகள் ஓடும். அவற்றைக் கட்டி மேய்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதன் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு சர்வரில் இருக்கும் கணினிகளை மற்ற சர்வர்களுக்குக் குடிமாற்றி, காலியானதும் அப்டேட் போட்டு, திரும்ப எழுப்புவோம். பிறகு அடுத்தது. அதற்கு முன்னால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு உதிரிபாகமும் புதுப் பதிப்போடு ஒத்துப்போகுமா என்று பட்டியலில் பார்த்துவிட வேண்டும். நெட்டையன் பார்த்தான். எங்கள் பதிவேட்டில் எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தான். ஐந்தும் சரி என்று வந்தது.

ஐந்தாவது சரியில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் அதன் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு எரிந்துபோனது. தனியாக இருந்த நான், அலமாரியில் கிடந்த, அதே வேலையைச் செய்யும் பழைய மாடல் கார்டு ஒன்றைச் செருகி ஓட்டிவிட்டேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று பதிவேட்டை மூடினேன். அந்த நாளை வரவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

புதுப் பதிப்புக்கு அந்தக் கார்டை அடையாளம் தெரியாது. அப்டேட் போட்டால் டிஸ்க்குகள் மொத்தமும் காணாமல் போகும். ரத்த வங்கியின் கணினி அந்த டிஸ்க்குகளில்தான் இருந்தது. அதை மட்டும் வேறு சர்வருக்குக் குடிமாற்ற முடியாது; அப்டேட் முடியும்வரை கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பதாகத் திட்டம். எந்த நோயாளிக்கு எந்த ரத்தம் என்று அதைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லீடர்தானே, பார்த்துக்கொள்ளட்டும்.

இரவு 11:30. நெட்டையன் தன் வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கினான். ஏதாவது மக்கர் செய்தால் கை வைக்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக நான் சர்வர் அறையில். அடையாள அட்டை காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே நான் மட்டும். பதினெட்டு டிகிரி குளிர். விசிறிகளின் இரைச்சல். எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி, சுவரில் ஒரு போன்.

11:52. முதல் சர்வர் முடிந்தது.

12:14. இரண்டாவது எழுந்துகொண்டிருந்தது. பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். நான் திரும்பவில்லை. குளிரில் ஏதாவது தகரம் சுருங்கியிருக்கும்.

12:17. பிடரியில் வெதுவெதுவென்று காற்று பட்டது. சர்வர்கள் சூடான காற்றைப் பின்பக்கமாகத்தான் தள்ளும். நான் உட்கார்ந்திருந்ததோ முன்பக்கத்தில்...

12:41. மூன்றாவது. 1:06. நான்காவது. மனதுக்குள் மத்தாப்பு. இனி ஐந்தாவதுதான்.

1:08. செல்போன் அடித்தது. நெட்டையன்.

"மாப்ள, நாலும் முடிஞ்சுது. நீ கெளம்பு."

"அஞ்சாவது?"

"அதான் விட்டாச்சே. நீ சொன்னப்புறம் தொடுவேனா?"

"நான் என்ன சொன்னேன்?"

"வெளையாடாத. உள்ள பழைய கார்டு இருக்கு, தொட்டா ரத்த வங்கி போயிரும்னு பன்னெண்டே காலுக்குக் கூப்பிட்டியே?"

செல்போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எந்த நம்பர்லேருந்து?"

"அந்த ரூம் நம்பர்தான். உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ மட்டும் சொல்லலேன்னா... என் மானம் போயிருக்கும்டா. யாராவது செத்துக்கூட இருப்பாங்க."

வைத்துவிட்டான்.

மெதுவாகத் திரும்பினேன்.

ரிசீவர் கொக்கியில் இல்லை.

வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது...

எடுத்தேன். அந்தக் குளிரிலும் அது சூடாக இருந்தது. பேசும் இடத்தில் ஈரம்.

ஓடினேன்.

கதவின் பதிவில் அன்றிரவு ஒரே ஒரு ஆள்தான் உள்ளே போயிருந்தான். நான்.

அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் நெட்டையன் என்னைக் கட்டிப்பிடித்தான். "இவன் இல்லேன்னா நான் இல்ல" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். செய்யாத நல்லதுக்குக் கிடைத்த கைதட்டல். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த முறை யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மருத்துவமனையின் போன் பேச்சுகள் எல்லாம் பதிவாகும். கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை என்று நான் சொன்னதால், ஒன்பதாம் நாள் நெட்டையன் அந்தப் பதிவை வாங்கிவந்து, ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

முப்பத்தெட்டு நொடிகள். என் குரல். நிதானமாக, கார்டின் மாடல் எண் முதல்கொண்டு சரியாகச் சொல்கிறது.

"இப்பயாச்சும் ஞாபகம் வந்துதா?" என்று அவன் சிரித்தான்.

அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கேட்டது...

"விழுடா... விழு... விழுடா..."

அதுவும் என் குரல்.

இதை உங்களிடமும் நான் மறைத்துவிட்டேன். அந்த நேரத்தில் திரையைப் பார்த்து இதைத்தான் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மூச்சளவுதான். விசிறி இரைச்சலில் என் காதுக்கே அது கேட்கவில்லை.

பத்தடி தள்ளியிருந்த போனில் அது பதிவாகியிருக்கிறது. பேசியவனின் குரலைவிடத் தெளிவாக.