ஏ.ஐ.யிடம் என்ன கேட்டீர்கள் என்று ஒரு பக்கம்

ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்தும் நாட்களில் என் மேசைப் பக்கம் யாரும் வருவதில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். கல்முனைக் கடற்காற்று அதைத் தணித்ததாகத் தெரியவில்லை. அந்த முறை நானே ஒரு விதி போட்டிருந்தேன். ஏ.ஐ.யைப் பாவிக்கலாம். ஆனால் அதனிடம் என்ன கேட்டீர்கள், சொன்னதில் எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று அறிக்கையின் கடைசியில் ஒரு பக்கம் உண்மையாக எழுத வேண்டும்.

எழுதியிருந்தார்கள். “மொழிநடையைச் செம்மைப்படுத்த மட்டுமே பயன்படுத்தினேன்” என்று, கட்டுக் கட்டாக, ஒரே வசனம். உண்மையை எழுதித் தரும்படியும் ஏ.ஐ.யிடமே கேட்டிருக்கிறார்கள். முதலில் தலை சுற்றியது, பிறகு சிரிப்பு வந்தது.

பொத்துவில் ஊர்ப் பிள்ளை ஒருத்தி மட்டும் தன் கையால் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் வியாழக்கிழமைகளில் பள்ளிக்கு வருவதில்லை என்பது அவளுடைய ஆய்வு. ஏ.ஐ. அடுக்கிய காரணங்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விசாரித்து ஒவ்வொன்றாக வெட்டியிருந்தாள். ‘போக்குவரத்து வசதியின்மை’க்குப் பக்கத்தில், ‘பள்ளிக்கூடம் வீட்டு வேலிக்கு அங்கால’ என்றிருந்தது. கடைசியில் மிஞ்சியது ஏ.ஐ. சொல்லாத காரணம்: வியாழன் சந்தை நாள். உம்மாமார் மரக்கறி விற்கப் போனால் கைப்பிள்ளையை மூத்ததுதான் பார்க்க வேண்டும். ‘மிஸ் ஏசினால் என்ன சொல்வது என்றும் அதனிடம் கேட்டேன்’ என்றுகூட எழுதியிருந்தாள். அந்த மிஸ் நான்தான்.

என்னோடு சேர்ந்து புள்ளி போடும் விரிவுரையாளர் சேருக்கு அது பிடிக்கவில்லை.

“இவ்வளவு கேட்டிரிக்கா மெடம். மத்தவங்க கொஞ்சம்தானே பாவிச்சிரிக்காங்க. இவக்குப் புள்ளி குறைக்கத்தான் வேணும்.”

குறைத்தால் அவள் பரீட்சையில் சித்தியடைய மாட்டாள். அடுத்த வருடம் ஒருவரும் உண்மை எழுதவும் மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொஞ்சம்தான் பாவிச்சாங்க எண்டு ஆரு சேர் சொன்ன? அவங்களேதானே? வாய்மொழிப் பரீட்சையில எல்லாரிட்டயும் ஒரே கேள்வி கேப்பம், பாருங்க.”

கேட்டோம். ஏ.ஐ. உங்களுக்குச் சொன்னதில் ஒரு பிழையைச் சொல்லுங்கள். வந்தவர்கள் தங்கள் அறிக்கையையே புரட்டித் தேடினார்கள். ஒருவன் மின்விசிறியைப் பார்த்தான். அவர்களுடைய கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். பொத்துவில் பிள்ளை தொடங்கியவள் நிறுத்தவில்லை. அந்த வேலி, அந்தச் சந்தை, அழுத கைப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். சேர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அவள் எழும்பும்போது சேர் விடவில்லை. “மிஸ் ஏசினா என்ன சொல்ற எண்டு கேட்டிரிக்கீங்களே, அதுக்கு அது என்ன சொல்லிச்சு?”

“உண்மையச் சொல்லுங்க, ஒண்டும் ஆகாது எண்டு சொல்லிச்சு சேர்.” எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது ஒண்டத்தான் நான் இன்னும் சரிபாக்கல்ல. புள்ளி வந்தாத்தான் தெரியும்.”

அவள் வெளியே போனதும் சேர் பேனையைத் திறந்து புள்ளியைப் போட்டார். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.