புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை

மாரிசெல்வியின் இடது புருவத்துக்கு மேலே இரண்டு விரல்களைப் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் செல்லத்துரை. "ஒரு நெல்லு எறங்கியிருக்கு, ஏத்தும்மா" என்கிறார். மாரிசெல்வி தொப்பியை ஒரு நெல் அளவு ஏற்றுகிறாள். அடுத்த ஆள். மறுபடி இரண்டு விரல். மணி காலை ஏழு. பம்பாய் செம்பூர் திலக் நகரில் எங்கள் இருபத்தோரு மாடிக் கட்டடத்தின் வாசலில் ஆறு காவலாளிகள் விறைத்து நிற்கிறார்கள். பால் பாக்கெட் எடுக்க வந்த நான் கைலியோடு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் குறுக்கே போகும் தைரியம் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

செல்லத்துரை எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வயது ஐம்பத்தெட்டு. ஊர் நாங்குநேரிப் பக்கம், குடியிருப்பு தாராவி. ராணுவத்தில் பதினேழு வருடம் தையல்காரராக இருந்தவர். சுட்ட குண்டை விடத் தைத்த பொத்தான் அதிகம் என்று அவரே சொல்வார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், தலையைத்தான் பார்ப்பார். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது, மண்டை அளவு நிற்கும். "நாலாம் மாடி அம்பத்தெட்டு வந்துட்டாரா?" என்று கேட்டால் அது நான். பதினோராம் மாடியில் அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் ஒருவர் இருக்கிறார். அவரைக் கண்டால் மட்டும் செல்லத்துரை ஒரு நொடி மரியாதையாக நின்றுவிடுவார்.

எங்களுக்கு மொத்தம் பதினெட்டு காவலாளிகள். அவர்களில் பன்னிரண்டு பேர் ஏஜென்சி கொடுத்த சாதாரணத் தொப்பிக்காரர்கள். மிச்சம் ஆறு பேர் செல்லத்துரையின் சிறப்புப் படை. அவர்கள் தலையில் மட்டும் வலப்பக்கம் சரிந்த கத்திரிப்பூ நிறக் கம்பளித் தொப்பி, ராணுவத்தில் பெரே என்பார்களே, அது.

ஏன் கத்திரிப்பூ நிறம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பால் திரிந்து போகுமளவு நேரம் பதில் சொன்னார்.

"மெரூன் பாராசூட்காரன் சம்பாதிச்சது. கறுப்பு டாங்கிக்காரனுக்கு. பச்சை எங்க காலாட்படை. செவப்பு மிலிட்டரி போலீசு. வெளிர்நீலம் ஐநா சபை. ஒவ்வொரு கலருக்கும் ஆள் இருக்கு சார். அடுத்தவன் கலர நாம தலையில வைக்கப்பிடாது. கடைசியில ரெண்டுதான் மிச்சம். கத்திரிப்பூ, இல்லேன்னா கிளிப்பச்சை. கிளிப்பச்சையப் போட்டுக்கிட்டு திருடனப் புடிக்க முடியுமா?"

தைத்துக் கொடுத்தவர் தாராவியில் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களுக்கு உடுப்புத் தைக்கும் முகம்மது ஹனீப். ஓரத்தில் தங்கச் சரிகை வைத்தே தீருவேன் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினாராம். சரிகையைத் தடுத்துவிட்ட செல்லத்துரையால் பேட்ஜைத் தடுக்க முடியவில்லை. ஹனீப் பாயிடம் இருந்தது ஒரே அச்சுதான். ஆகவே எங்கள் சிறப்புப் படையின் சின்னம் பேண்டுக்காரர்கள் ஊதும் ஒரு சின்னப் பித்தளைத் தாரை. அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு அவர் ஒரு அர்த்தம் தயாராக வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொப்பி சும்மா கிடைக்காது. எண்பத்துநாலு வீட்டு வண்டி நம்பரையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அது முடிந்ததும் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு இருபத்தோரு மாடியும் படியேற வேண்டும், ஆறே நிமிடத்தில். மாரிசெல்விக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். ஐந்து நிமிடம் ஐம்பது விநாடியில் ஏறினாள். இன்றுவரை அதுதான் சாதனை. ஏறிய பிறகு வாந்தி எடுத்ததைப் படையில் யாரும் பேசுவதில்லை.

தேறியவர் தொப்பியை வெந்நீரில் முக்கி, ஈரத்தோடு தலையில் வைத்து, வலது காதுப் பக்கம் இழுத்துவிட்டு, காயும்வரை கழற்றாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அந்த மண்டையின் வடிவத்துக்குப் படியும். பட்டாளத்தில் இதற்கு ஒரு வெயில் மதியம் போதுமாம். செல்லத்துரை இந்தச் சடங்கை பம்பாயில் ஜூலை மாதம் வைத்தார். தொப்பி மூன்று நாள் காயவில்லை. ஆறு பேரும் சொட்டச் சொட்ட வேலை பார்த்தார்கள், ரயிலில் வீட்டுக்குப் போனார்கள், தொப்பியோடு தூங்கினார்கள். ஹனீப் பாயின் சாயம் வேறு இறங்கி, ஆறு நெற்றியிலும் கத்திரிப்பூக் கோடு. பதினாலாம் மாடி ஷைஸ்தா இது தொற்றுநோய் என்று கட்டட வாட்ஸாப் குழுவில் எழுதினார். விஷயம் தெரிந்ததும் அவரே தன் தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கொடுத்தனுப்பினார். செல்லத்துரை அதைத் தொடவில்லை. "காத்துலதான் காயணும் மேடம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தொப்பி தலையில் உட்கார்ந்ததும் ஆட்கள் மாறிப்போனார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். நேற்றுவரை நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டவன் இன்று காய்கறிப் பையை வாங்க மறுக்கிறான். சாதாரணத் தொப்பிக்காரர்களோடு டீ குடிப்பதில்லை, தனி பிளாஸ்க். அந்தப் பன்னிரண்டு பேரும் எரிச்சலில் இவர்களுக்கு "பைங்கன் பார்ட்டி" என்று பெயர் வைத்தார்கள். கத்திரிக்காய்க் கூட்டம் என்று கேலி. ஆறு பேரும் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது வாக்கிடாக்கியில் அவர்களே "பைங்கன் ஒன்று, பைங்கன் இரண்டு" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வருடம் இரண்டு லிஃப்டும் ஒரே நாளில் நிற்கும்வரை. பதினேழாம் மாடி சொர்ணம்மாளுக்கு மூச்சு முட்டியது. ஆறு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு அந்த அம்மாளைத் தூக்கி, மூச்சுவிடும் நேரத்தில் கீழே ஆம்புலன்ஸில் வைத்தார்கள். ஒருவர் தொப்பியும் ஒரு நெல் நகரவில்லை. மறுநாள் வாசலில் அவர்களைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

இவ்வளவு செய்த செல்லத்துரையின் தலையில் அந்தத் தொப்பி இல்லை. அவர் போடுவது ஏஜென்சியின் சாதாரணத் தொப்பி. பட்டாளத்தில் இருந்தபோது ஒரு பாராசூட் படைப்பிரிவுக்குத் தையல்காரராக மாற்றிப் போட்டார்களாம். அங்கே சமையல்காரன், தையல்காரன் எல்லாருக்கும் ஒரே விதி. ஓடித் தேறினால்தான் மெரூன். "மூணாவது மைல்ல கணுக்கால் பொறண்டுட்டு. பழைய எடத்துக்கே அனுப்பிட்டான். அதுக்குள்ள நாப்பது பேரு தொப்பிய நான்தான் வெந்நியில போட்டு மண்டைக்குப் படிய வச்சுக் குடுத்தேன். எனக்கு இல்ல." சொல்லிவிட்டு என் மண்டையைப் பார்த்தார்.

இந்த ஆகஸ்டில் வந்தது சோதனை. எங்கள் கட்டடச் சொசைட்டியின் செயலாளர் அனந்த், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நல்லவர், தொந்தி உள்ளவர். ஒரு வீட்டுத் தரகர் எல்லாக் காவலாளிகளுக்கும் தன் விளம்பரம் போட்ட தொப்பியை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். அனந்த் அதை வைத்துக்கொண்டு செல்லத்துரையிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பதினஞ்சாம் தேதி கொடி ஏத்தறச்சே எனக்கும் அந்த ஊதாத் தொப்பி ஒண்ணு வேணும், செல்லத்துரை. போட்டோக்குத்தான். குடுத்துட்டேள்னா தரகர்கிட்ட வேண்டாம்னுடறேன். இல்லேன்னா எல்லாரும் ஒரே தொப்பியாப் போட்டுண்டு போங்கோ."

அது மிரட்டல் இல்லை, ஆசைதான். ஆனால் படையின் தலைவிதி அதில் தொங்கியது. செல்லத்துரை அவர் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"அம்பத்தொம்பதரை. தச்சிரலாம் சார். ஆனா படி ஏறணும்."

"நீங்களே ஏறலியே!"

அந்த வார்த்தை சுரீரென்று பட்டது. செல்லத்துரையின் காது மடல் சிவந்தது. "சரி சார். ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஏறுவோம்" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கட்டடமே படிக்கட்டில் இருந்தது. மாடிக்கு மாடி ஆள். ஷைஸ்தா குளுக்கோஸ் தண்ணீரோடு ஒன்பதாம் மாடியில் நின்றார். அவர் கணக்கு சரியாகவே இருந்தது. அனந்த் ஒன்பதாம் மாடியில் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு டம்ளர் குடித்துத் தெளிந்ததும் லிஃப்டில் ஏறி, இருபத்தோராம் மாடிக்கு செல்லத்துரைக்கு முன்னால் வந்து சேர்ந்தார். நானும் அதே லிஃப்டில்தான் வந்தேன். நாலாம் மாடிக்கே லிஃப்டில் போகிறவன் நான்.

மேலே மாரிசெல்வி கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற ஐந்து பேரும் வரிசையில். அவள் இடுப்புப் பையிலிருந்து ஒரு கத்திரிப்பூத் தொப்பி எட்டிப் பார்த்தது. செல்லத்துரையிடம் சொல்லாமல் அவருக்கென்று தைத்து வைத்திருக்கிறார்கள். ஆறு நிமிடம் ஆயிற்று. படிக்கட்டில் ஆளைக் காணோம். ஏழு, எட்டு. கீழே எங்கேயோ மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ஒன்பது நிமிடம் நாற்பது விநாடியில் செல்லத்துரை வந்தார். சிலிண்டர் தோளில்தான் இருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

அனந்துதான் முதலில் வாய் திறந்தார். "குடுத்துடும்மா, யாரு கணக்குப் பாக்கறா!"

மாரிசெல்வி கைபேசியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவரை அவள் "சார்" என்று மட்டுமே கூப்பிடுவாள்.

"ஒம்பது நாப்பது. ஆறுதான் ரூலு" என்றாள். எட்டிப் பார்த்த தொப்பியைப் பைக்குள் தள்ளினாள். "குடுக்க முடியாது, அண்ணாச்சி."

செல்லத்துரை சிலிண்டரை இறக்கினார். குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அனந்த் என் பக்கம் திரும்பினார். "அவருக்கே இல்லேன்னுட்டா. நான் எந்த மூஞ்சிய வச்சுண்டு கேக்கறது?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். பதினைந்தாம் தேதி தரகரின் தொப்பியைத் தான் மட்டும் போட்டுக்கொண்டு கொடி ஏற்றினார். எதிரே ஆறு கத்திரிப்பூத் தொப்பிகள் ஒரு நெல் பிசகாமல் நின்றன.

நேற்றுக் காலை லிஃப்ட் பழுது. வேறு வழியில்லாமல் படியில் இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் செல்லத்துரை பனியனோடு, சிவப்பு சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறிவந்தார்.

"எத்தனை நிமிஷத்துக்கு வந்திருக்கு?"

"நேத்து எட்டு பத்து சார். கொறையுது."

வழிவிட்டு நான்கு படி இறங்கியதும் மேலே காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நான் போய்விட்டதாக நினைத்து, தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். சிலிண்டர் தோளிலேயே இருந்தது. இன்னொரு கையால் நெற்றி வியர்வையை வழித்தார். பிறகு வெறுந்தலையோடு, இடது புருவத்துக்கு மேல் இரண்டு விரல்களைப் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்த்தார்.